சக்கரத்தின் அளவில் ஒரு பள்ளம்

லானெத்லி என்று எழுதிவிட்டேன். சரியில்லை.
நம் ழகரம் அவர்களுக்கு வாய்க்காததுபோல
அந்த ஊர்ப்பெயரில் இருமுறை வரும் எழுத்து
நமக்கு வாய்க்காது.
நுனிநாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்து
ஓரங்களில் காற்றை விட வேண்டும்.
டயர் இறங்குகிற ஓசை.

அந்த ஓசையோடுதான் நின்றது
எம்ரிஸ் பென்ரியின் புது வண்டி,
கழிமுகச் சாலையில், பின்னிரவு இரண்டேகாலுக்கு.
டிக்கியில் ஆறு மூட்டை மட்டி, உயிரோடு.
விடிவதற்குள் சந்தை சேர வேண்டியவை.

மஞ்சள் விளக்கு சுழல வந்து இறங்கினாள் ஹெலெத்.
இன்று அவள் முறையல்ல.
முறைக்காரனுக்கு இடுப்புப் பிடிப்பு.
யாருக்கு என்ன பிடித்தாலும் இவளுக்குத்தான் போன் வரும்.

ஆறு மூட்டையையும் மழையில் இறக்கி
கம்பளத்தைத் தூக்கினால்
பள்ளம்.
வட்டமாக, சக்கரத்தின் அளவில்,
சக்கரம் இல்லாமல்.
உள்ளே ஒரு நுரைக் குப்பி, சின்ன பம்பு,
யாரோ குழந்தையின் ஒற்றைக் கையுறை.
எடை குறைத்தோம், எண்ணெய் மிச்சம் என்கிறது
பிரிக்கப்படாத கையேடு.

நுரையை அடித்துப் பார்த்தார் எம்ரிஸ்.
டயரின் விலாவில் நான்கு விரல் நீளக் கிழிசல்.
பொங்கிய பால்போல வெளியே வந்து
காலணியை நனைத்தது அது.

இதே ஊரில்,
நூற்றிருபது ஆண்டு முன்பு,
லாட ஆணிகள் சிந்திக்கிடந்த பாதையோரம்
பெரிய மனிதர்கள் மண்டியிட்டுக்கொண்டிருந்தார்கள்.
ரப்பரை நெம்பி, பிசின் தடவி, ஊதி,
மறுபடி ஊதி.
சக்கரம் கழலாத காலம்.
குதிரைக்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தகரம் உருக்கும் புகைக்கு நடுவே
ஒரு தெருவில் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி
ஆரமில்லாத ஒரு வளையம் செய்தார்கள்,
காற்றடைத்த டயரோடு.
இறங்கிய சக்கரத்தைக் கழற்ற வேண்டாம்.
அதன் பக்கத்தில் மாட்டிக் கவ்வவைத்தால் போதும்.
காயத்தை ஆற்றாது.
தோள் கொடுத்து வீடுவரை கூட்டிப்போகும்.

அந்தத் தெருவின் பெயர் ஸ்டெப்னி.

வளையம் கப்பலேறியது.
பிரேசிலில் அதை எஸ்தெப்பே என்கிறார்கள்.
நம் லாரிக்காரர் எவரும்
ஸ்டெப்னி பார்க்காமல் மலையேறுவதில்லை.
சக்கரங்கள் கழலத் தொடங்கியதும் வளையம் போயிற்று.
சொல் தங்கிவிட்டது,
முழுச் சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்டு.
பிறகு சக்கரமும் மெலிந்தது.
பிறகு குப்பி.

ஹெலெத்துக்கு இந்தச் சொல் தெரியாது.
அந்தத் தெருவில்தான் ரொட்டி வாங்குகிறாள்,
ஆனால் இதை ஓல்வின் ஸ்பார் என்பாள்.
நம் பேச்சில் அதற்கு இன்னோர் அர்த்தம் உண்டு,
இரண்டாம் வீட்டுப் பெண்ணைப் பற்றி
டீக்கடையில் கண்ணடித்துச் சொல்வது.
அவள் கேட்டால்
மொழிபெயர்க்க மாட்டேன்.
தோள் கொடுக்க வந்ததற்கு
நாம் வைத்த பெயர் அது.

தன் லாரியின் பின்னாலிருந்து
ஒரு சக்கரத்தை உருட்டிவந்தாள்.
எந்த வண்டிக்கும் பொருந்த
நடுவில் சல்லடைபோல ஓட்டைகள்.
எவருடையதும் இல்லை என்பதால்
எல்லாருக்கும் ஆகிவருவது.
ஜாக்கி ஏறியது. நட்டு ஒன்று
இருட்டில் உருண்டோட, இருவரும் தேடினார்கள்.
"ஐம்பது மைலுக்கு மேல் போகாதீங்க.
சக்கரத்தைத் திருப்பித் தந்துடணும்."
"சந்தை ஐந்து மணிக்கு."
"அப்போ இப்பவே கிளம்புங்க."

கிழிந்ததைப் பள்ளத்தில் வைத்தார்கள்.
அரை விரற்கடை துருத்திக்கொண்டது.
கம்பளம் மூடவில்லை.
மூட்டைகளை அதன் மேலேயே அடுக்கினார்கள்.

காசு கம்பெனிக் கணக்கு. இருந்தாலும்
இரண்டு கை மட்டியை அள்ளி
அவள் தொப்பியில் போட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து இருக்கையில் தொப்பி.
வைப்பர் ஒருபக்கம் மட்டும் துடைக்கிறது.
அடுத்த போன் வரும்வரை
கண்ணை மூடலாம் என்று சாய்ந்தாள்.

ஓடொன்று மெல்லத் திறந்து
அந்த எழுத்தைச் சரியாக உச்சரித்தது.